பெயர் சரி, பட்டியல் காலி: அஷூர் சிடிஎன் கேள்வி – பதில்

அன்சிபிள் (பணிகளைத் தானியக்கமாக்கும் கருவி) வழியாக, மைக்ரோசாஃப்ட் கிளவுடின் உள்ளடக்க விநியோகச் சேவையான அஷூர் சிடிஎன்னில் உள்ள எண்ட்பாயிண்ட்களின் (உள்ளடக்கம் வெளியாகும் முகவரிகளின்) விவரங்களை எடுப்பது பற்றிய கேள்விகள் இம்முறை. மாட்யூல், அளவுருப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். கோப்பில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இட்டுத் தட்டுங்கள்.

கேள்வி: ஒரு புரொஃபைலில் (எண்ட்பாயிண்ட்களின் தொகுப்பில்) உள்ள எல்லா எண்ட்பாயிண்ட்களையும் பட்டியலிட வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அஷூர் கலெக்‌ஷனான ‘அஷூர் புள்ளி ஏஇசட்கலெக்‌ஷன்’ என்பதை அன்சிபிள் கேலக்ஸி மூலம் நிறுவுங்கள். அதோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலர் விட்டுவிடுகிறார்கள். கலெக்‌ஷனின் அடைவுக்குள் ஒரு ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு இருக்கும். அதைப் பைத்தானின் நிறுவுகருவியான ‘பிப்’பிடம் கொடுத்து, அதில் உள்ள பைத்தான் நூலகங்களையும் நிறுவினால்தான் மாட்யூல் ஓடும்.

பிளேபுக்கில் ஹோஸ்ட்ஸ் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதி, கனெக்‌ஷனை லோக்கல் ஆக்கி, கேதர் ஃபேக்ட்ஸை அணைத்துவிடுங்கள். அதன்பின் ஒரே டாஸ்க்: ‘அஷூர் ஆர்எம் சிடிஎன்எண்ட்பாயிண்ட் இன்ஃபோ’. கட்டாயம் தர வேண்டியவை இரண்டு: ரிசோர்ஸ் குரூப், புரொஃபைல் நேம். ‘நேம்’ கொடுத்தால் அந்த ஒரு எண்ட்பாயிண்ட் மட்டும் வரும், விட்டுவிட்டால் எல்லாம் வரும். முடிவை ரெஜிஸ்டர் செய்யுங்கள். அந்த மாறிக்குள் ‘சிடிஎன்எண்ட்பாயிண்ட்ஸ்’ என்ற பட்டியல் இருக்கும். முதல்முறை முழு மாறியையும் டீபக் மாட்யூலில் அச்சிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த விவரம் எந்தப் பெயரில் வருகிறது என்பதை ஊகித்து எழுதுவதைவிட அது விரைவு.

இது படிக்க மட்டுமே செய்யும் மாட்யூல். செக் மோடிலும் (எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் முறையிலும்) உண்மையாகவே அஷூரைக் கேட்டு விடை தரும்.

கேள்வி: அஷூர் நூலகங்களை நிறுவிய பிறகும் ‘தேவையான பைத்தான் நூலகத்தை இம்போர்ட் செய்ய முடியவில்லை’ என்ற பிழை வருகிறது. அதே கணினியில் பைத்தானைத் திறந்து இம்போர்ட் செய்தால் ஒரு குறையும் இல்லை.

பதில்: உங்கள் இன்வென்டரி கோப்பை (அன்சிபிள் நிர்வகிக்கும் கணினிகளின் பட்டியலை) திறந்து லோக்கல்ஹோஸ்ட் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் காரணம் அதுதான். இன்வென்டரியில் எழுதாத லோக்கல்ஹோஸ்டை அன்சிபிள் தானே உருவாக்கிக்கொள்ளும். அப்போது அன்சிபிள் எந்தப் பைத்தானில் ஓடுகிறதோ அதே பைத்தான்தான் மாட்யூலுக்கும். நீங்களே எழுதிவிட்டால் அது மற்ற சர்வர்களைப் போல ஒரு ஹோஸ்ட் ஆகிவிடும், அன்சிபிள் கணினியின் பொதுப் பைத்தானைத் தேடிப் பிடிக்கும். நூலகங்களோ உங்கள் விர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் இருக்கின்றன.

அந்த வரியை நீக்கலாம். வேறு காரணத்துக்காக அது வேண்டுமென்றால், ‘அன்சிபிள் பைத்தான் இன்டர்பிரிட்டர்’ மாறிக்கு ‘அன்சிபிள் பிளேபுக் பைத்தான்’ மாறியின் மதிப்பைக் கொடுங்கள். நூலகத்தைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பயனில்லை.

கேள்வி: எண்ட்பாயிண்ட் பெயரைக் கொடுத்து ஓட்டினேன். டாஸ்க் பச்சை நிறத்தில் முடிகிறது, பட்டியல் மட்டும் காலி. போர்ட்டலில் அந்த எண்ட்பாயிண்ட் கண்ணெதிரே இருக்கிறது. ஏன்?

பதில்: இந்த மாட்யூலின் மிக மோசமான குணம் இது. ‘நேம்’ கொடுத்தால் அது அந்த ஒரு எண்ட்பாயிண்டை மட்டும் அஷூரிடம் கேட்கும். பதிலாக எந்தப் பிழை வந்தாலும் அதை விழுங்கிவிட்டு, காலிப் பட்டியலை நீட்டும். பெயரில் எழுத்துப்பிழை, வேறு புரொஃபைல், வேறு ரிசோர்ஸ் குரூப், படிக்க அனுமதி இல்லாமை என எல்லாவற்றுக்கும் ஒரே முகம்தான். ஆகவே காலிப் பட்டியல் ‘அப்படி ஒன்று இல்லை’ என்பதற்குச் சான்றே அல்ல.

கண்டுபிடிக்க எளிய வழி: ‘நேம்’ வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது மாட்யூல் முழுப் பட்டியலைக் கேட்கும். அந்த வழியில் பிழை மறையாது, ஒழுங்கான செய்தியாகவோ நீண்ட டிரேஸ்பேக்காகவோ வெளியே வந்துவிடும். 403 என்றால் அனுமதிச் சிக்கல். 404 என்றால் குரூப் அல்லது புரொஃபைல் பெயரில் தவறு, அல்லது வேறு சந்தாவில் தேடுகிறீர்கள். பிழையில்லாமல் பட்டியல் வந்து, உங்களுடையது மட்டும் அதில் இல்லை என்றால் பெயரைத்தான் பார்க்க வேண்டும். முழு முகவரியைக் கொடுப்பது வழக்கமான தவறு. ‘படங்கள்.அஷூர்எட்ஜ்.நெட்’ என்பதில் முதல் புள்ளிக்கு முன் உள்ள ‘படங்கள்’ மட்டும்தான் பெயர்.

பெயர் எல்லாம் சரி, அப்போதும் கிடைக்கவில்லையா? புரொஃபைலின் எஸ்கேயூவை (சேவை வகையை) பாருங்கள். அதில் ‘அஷூர் ஃபிரன்ட் டோர்’ என்று இருந்தால் நீங்கள் தட்டுவது வேறு வீட்டுக் கதவு. ஃபிரன்ட் டோர் ஸ்டாண்டர்ட், பிரீமியம் புரொஃபைல்களும் மைக்ரோசாஃப்ட் சிடிஎன் என்ற அதே ரிசோர்ஸ் புரொவைடரின் கீழ்தான் வருகின்றன, ஆனால் அவற்றின் எண்ட்பாயிண்ட்கள் தனி வகை. அதற்கு ‘அஷூர் ஆர்எம் ஏஎஃப்டிஎண்ட்பாயிண்ட் இன்ஃபோ’ என்ற மாட்யூல் வேண்டும், அது கலெக்‌ஷனின் பழைய பதிப்புகளில் கிடையாது. இந்தக் குழப்பம் இனி கூடவே செய்யும்: அகமாய் வழி அஷூர் சிடிஎன் 2023 அக்டோபர் 31 அன்றும், எட்ஜியோ வழி 2025 ஜனவரி 15 அன்றும் நிறுத்தப்பட்டன. எஞ்சியிருக்கும் மைக்ரோசாஃப்ட் கிளாசிக்குக்குக் கெடு 2027 செப்டம்பர் 30. எண்ட்பாயிண்ட்களை ஒவ்வொன்றாக ஃபிரன்ட் டோருக்கு மாற்றிவரும் இடங்களில் பழைய பிளேபுக் சத்தமில்லாமல் காலிப் பட்டியலைத் தந்துகொண்டிருக்கும்.

அதனால் இன்ஃபோ டாஸ்க்கை அடுத்து ஓர் அசெர்ட் டாஸ்க் கட்டாயம் வையுங்கள். பட்டியலின் நீளம் 0 என்றால் அங்கேயே நின்றுவிடட்டும். இல்லாவிட்டால் பட்டியலின் முதல் உருப்படியைக் கேட்கும் பிந்தைய வரி ஏதோ ஒன்றில் சம்பந்தமில்லாத பிழை கிளம்பும், ஆளைச் சுற்றலில் விடும்.

கேள்வி: பிராவிஷனிங் ஸ்டேட் ‘சக்சீடட்’ என்று வருகிறது. ஆனால் அந்த முகவரியில் எதுவும் வரவில்லை.

பதில்: தவறான புலத்தைப் பார்க்கிறீர்கள். கடைசியாகச் செய்த மாற்றம் அஷூரில் ஒழுங்காகப் பதிவானதா என்பதைத்தான் பிராவிஷனிங் ஸ்டேட் சொல்லும். எண்ட்பாயிண்ட் ஓடுகிறதா என்பதைச் சொல்வது ரிசோர்ஸ் ஸ்டேட். யாராவது அதை நிறுத்தி வைத்திருந்தால் முன்னது ‘சக்சீடட்’ என்றும் பின்னது ‘ஸ்டாப்ட்’ என்றும் வரும். நிறுத்தியதும் ஒரு வெற்றிகரமான மாற்றம்தானே! கண்காணிப்புக்கு ரிசோர்ஸ் ஸ்டேட் ‘ரன்னிங்’ ஆக இருக்கிறதா என்று சோதியுங்கள்.

அதே விடையில் ஆரிஜின் போர்ட்டுகள் ‘நல்’ என்று வந்தால் பதற வேண்டாம். போர்ட் குறிப்பிடவில்லை என்றுதான் பொருள், 80, 443 ஆகியவையே பயன்படும்.

கேள்வி: டேக் கொடுத்து வடிகட்டினால் ஒன்றுமே வருவதில்லை. புரொஃபைலில் டேக் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: புரொஃபைலில் இட்ட டேக் எண்ட்பாயிண்டுக்குத் தானாக இறங்காது. எண்ட்பாயிண்டிலேயே இட வேண்டும். இரண்டு டேக் கொடுத்தால் இரண்டும் பொருந்துவதே வரும். ‘சாவி’ மட்டும் கொடுக்கலாம், அல்லது ‘சாவி:மதிப்பு’ என்று கொடுக்கலாம்.

கேள்வி: ஒரு சந்தாவில் 20 புரொஃபைல்களுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றின் எண்ட்பாயிண்ட்களையும் ஒரே கோப்பில் வேண்டும்.

பதில்: முதலில் ‘அஷூர் ஆர்எம் சிடிஎன்புரொஃபைல் இன்ஃபோ’வை எந்த அளவுருவும் இல்லாமல் ஓட்டுங்கள். சந்தாவில் உள்ள எல்லாப் புரொஃபைல்களும் ‘சிடிஎன்புரொஃபைல்ஸ்’ என்ற பட்டியலில் வரும். அதை லூப் செய்து, ஒவ்வொன்றின் ரிசோர்ஸ் குரூப்பையும் பெயரையும் எண்ட்பாயிண்ட் இன்ஃபோவுக்குக் கொடுங்கள். எஸ்கேயூவில் ஃபிரன்ட் டோர் என்று உள்ளவற்றை ‘வென்’ நிபந்தனையால் தவிர்த்துவிடுங்கள்.

சிக்கல் வருவது இங்கேதான். லூப் போட்டதும் ரெஜிஸ்டர் மாறியின் அமைப்பு மாறிவிடும். ‘சிடிஎன்எண்ட்பாயிண்ட்ஸ்’ இப்போது நேராகக் கிடைக்காது. ‘ரிசல்ட்ஸ்’ என்ற பட்டியலுக்குள், சுற்றுக்கு ஒன்றாக ஒளிந்திருக்கும். தவிர்த்த சுற்றுகளும் அதில் இடம்பிடிக்கும், ஆனால் அவற்றில் ‘சிடிஎன்எண்ட்பாயிண்ட்ஸ்’ இருக்காது. எனவே ‘செலக்ட்ஆட்ர்’ கொண்டு அந்தப் புலம் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி, ‘மேப்’பால் அதை உருவி, ‘ஃபிளாட்டன்’ போட்டு ஒரே பட்டியலாக்குங்கள். பிறகு ‘டு நைஸ் ஜேசான்’ வடிகட்டி வழியாக காப்பி மாட்யூலில் எழுதினால் கோப்பு தயார். ‘செலக்ட்ஆட்ர்’ படியை மறந்தால் ‘வரையறுக்கப்படாத மாறி’ என்ற பிழை வரும்.

கேள்வி: எண்ட்பாயிண்டில் இணைத்த கஸ்டம் டொமைன் அந்த விடையில் இல்லையே?

பதில்: இந்த மாட்யூல் அதைத் தருவதில்லை. ‘அஷூர் ஆர்எம் ரிசோர்ஸ் இன்ஃபோ’ என்ற பொது மாட்யூலுக்குப் போங்கள். அதில் எண்ட்பாயிண்டின் முழு ஐடியை யூஆர்எல் அளவுருவாகவும், கூடவே ஏபிஐ பதிப்பையும் கொடுங்கள். ஐடியைத் தட்ட வேண்டியதில்லை, எண்ட்பாயிண்ட் இன்ஃபோ தந்த விடையிலேயே ‘ஐடி’ என்று இருக்கிறது. வரும் ரெஸ்பான்ஸில் ‘புராபர்ட்டீஸ்’ பகுதிக்குள் ஹோஸ்ட்நேம், கஸ்டம் டொமைன்கள் இரண்டும் இருக்கும்.

கேள்வி: சர்வீஸ் பிரின்சிபலின் (நிரல்கள் அஷூரில் நுழையப் பயன்படுத்தும் கணக்கின்) சீக்ரெட்டை என்விரான்மென்ட் மாறியில் வைத்தேன். உள்நுழையவே முடியவில்லை.

பதில்: மாறியின் பெயரைப் பாருங்கள் (என்விரான்மென்ட் மாறிகளை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும்). மற்ற அஷூர் கருவிகளில் ‘அஷூர் கிளையன்ட் சீக்ரெட்’. அன்சிபிளில் வெறும் ‘அஷூர் சீக்ரெட்’, நடுவில் ‘கிளையன்ட்’ கிடையாது. டெனன்ட்டுக்கும் அப்படியே: ‘அஷூர் டெனன்ட்’ மட்டும், கடைசியில் ‘ஐடி’ இல்லை. கிளையன்ட் ஐடிக்கும் சப்ஸ்கிரிப்ஷன் ஐடிக்கும் மட்டும் ‘ஐடி’ உண்டு. பெயர் சரியாக இருந்தும் 7000215 என்று முடியும் பிழை எண் வந்தால், சீக்ரெட்டின் மதிப்புக்குப் பதில் அதன் ஐடியை நகலெடுத்திருப்பீர்கள். 7000222 என்றால் சீக்ரெட் காலாவதி. அனுமதிக்கு ‘சிடிஎன் புரொஃபைல் ரீடர்’ ரோல் போதும், கான்ட்ரிபியூட்டர் தர வேண்டியதில்லை. ரோல் கொடுத்த கையோடு ஓட்டிப் பார்த்து 403 வந்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி ஓட்டுங்கள்.