கார்டு காட்டினா நம்பிடலாமா?

தென்னாப்பிரிக்காவுல வீட்டு வேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, பையனுக்குக் கல்யாணம் வருது, வீட்டுக்குப் பின்னாடி ஒரு பெட்ரூம் சேர்த்துக் கட்டலாம்னு இருக்கோம். வந்த கான்ட்ராக்டர் என்.எச்.பி.ஆர்.சி. (வீடு கட்டுறவங்களைப் பதிவு பண்ற அரசாங்க அமைப்பு) கார்டு காட்டுறார், "நான் பதிவு பண்ணின ஆளு, பயமே வேணாம்"ங்கிறார். ஆனா 60 சதவீதம் அட்வான்ஸ் கேக்குறார். கொடுக்கலாமா? (வாசகி, சாட்ஸ்வர்த்)

பதில்: கொடுக்காதீங்க தங்கச்சி. கார்டு நெசமான கார்டாவே இருக்கட்டும், அது உங்க பெட்ரூமுக்கு உதவாது, அதான் விஷயம். என்.எச்.பி.ஆர்.சி. நடக்குறது 1998-ல வந்த 95-ஆம் நம்பர் சட்டத்துல. அந்தச் சட்டம் புதுசா கட்டுற வீட்டுக்கு. கட்டுறவர் பதிவு பண்ணியிருக்கணும், வேலை ஆரம்பிக்கிறதுக்கு 15 நாள் முன்னாடியே அந்த வீட்டையும் தனியா பதிவு பண்ணணும், அப்பதான் அஸ்திவாரம் சுவர் மாதிரி பெரிய கோளாறுக்கு 5 வருஷம், கூரை ஒழுகினா 1 வருஷம், சின்னச் சின்னக் குறைக்கு 3 மாசம்னு பாதுகாப்பு கிடைக்கும். பதிவு பண்ணாம புது வீடு கட்டிக் காசு வாங்கினா அபராதமும் உண்டு ஜெயிலும் உண்டு. ஏற்கெனவே இருக்கிற வீட்டுல ஒரு ரூம் சேர்க்கிறது, கிச்சன் உடைச்சுக் கட்டுறது, டைல்ஸ், கூரை ரிப்பேர் இதெல்லாம் அந்த வளையத்துக்குள்ள வரல. நாளைக்கு சுவர் விரிசல் விட்டா நீங்க அந்த ஆபீஸ் வாசல்ல போய் நின்னாலும் கைய விரிச்சிடுவாங்க.

2024-ல 25-ஆம் நம்பர்னு ஒரு புது சட்டத்துல ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார், அதுல பழைய வீட்டை மாத்துறது சேர்க்கிறதையும் உள்ள கொண்டு வர்றாங்க, நல்ல காரியம். ஆனா கையெழுத்து மட்டும் போதாது, அமலுக்கு வர்ற தேதியைத் தனியா அறிவிக்கணும். "புது சட்டம் வந்தாச்சு, நீங்க கவர் ஆயிட்டீங்க"ன்னு எவராவது சொன்னா, எந்தத் தேதியிலிருந்துன்னு கேளுங்க, அதுக்கான பேப்பரையும் கேளுங்க.

இன்னும் சில பேர் சி.ஐ.டி.பி.ங்கிற கட்டுமான வாரியத்தோட கிரேடு காட்டுவாங்க, அது அரசாங்க டெண்டர் எடுக்கிறவங்களுக்கு. கம்பெனி பதிவு பேப்பர் காட்டுவாங்க, அதை யார் வேணும்னாலும் எடுக்கலாம், கொத்தனார் கரண்டி பிடிக்கத் தெரியணும்னு அவசியம் இல்ல.

சரி, அப்ப என்ன பண்றது? காசை உங்க கையில வச்சுக்கிறதுதான் வழி. சிமெண்ட், மணல், பிளாக் எல்லாம் நீங்களே ஹார்ட்வேர் கடையில உங்க பேர்ல பில் போட்டு வாங்குங்க, லாரி உங்க கேட்டுக்கு வரட்டும், அப்ப அவர் "மெட்டீரியல் வாங்கணும்"னு அட்வான்ஸ் கேக்க முகாந்திரமே இல்ல. கூலிய மட்டும் வேலை முடிய முடியக் கொடுங்க. பெட்ரூமுக்கு முனிசிபாலிட்டி பிளான் அப்ரூவல் வேணும், "அதெல்லாம் எதுக்குங்க, நான் பாத்துக்கிறேன்"னு சொல்றவரை அங்கேயே வாசலோட அனுப்பிடுங்க. பிளான் இருந்தா ஒரு லாபமும் இருக்கு: அஸ்திவாரக் குழி வெட்டினதும் கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி பில்டிங் இன்ஸ்பெக்டருக்குச் சொல்லணும், அவர் வந்து பாத்த பிறகு முதல் பங்கு கூலி. சுவர் ஏறினதும் ஒண்ணு, கூரை போட்டதும் ஒண்ணு. கடைசிப் பங்கை, குடியிருக்கலாம்னு முனிசிபாலிட்டி சர்டிஃபிகேட் கொடுக்கிற வரைக்கும் பிடிச்சு வைங்க. நல்ல மேஸ்திரி இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுக்கிட்டா அதுவும் ஒரு பதில்தான்.

கேள்வி: பெரிய மழைக்கு மறுநாள் ஒரு ஆளு பக்கியில (சின்ன லோடு வண்டி) வந்தான், "ஆன்ட்டி, உங்க ஸ்லாப் போயிடுச்சு, கீழருந்தே தெரியுது"ன்னான். டார்ச்-ஆன் போட்டுத் தரேன்னு 18,500 ரேண்ட் வாங்கிட்டு ஒரே நாள்ல முடிச்சிட்டுப் போயிட்டான். மூணு வாரம் ஆச்சு, அடுத்த மழையில பழைய இடத்துலயே ஒழுகுது, போன் எடுக்க மாட்டேங்கிறான். (வாசகி, டோங்காட்)

பதில்: அம்மா, முதல்ல யாரையாவது ஏணி வச்சு மேல ஏறிப் பாக்கச் சொல்லுங்க, போட்டோ எடுக்கச் சொல்லுங்க. டார்ச்-ஆன்னா தார் ஷீட்டை கேஸ் நெருப்புல காய்ச்சி ஒட்டுறது. ஒரு ஷீட் மேல அடுத்த ஷீட் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஏறி நிக்கணும், ஒழுங்கா காய்ச்சியிருந்தா அந்த ஓரத்துல உருகின தார் மெல்லிசா ஒரு கோடு மாதிரி வெளிய வந்து உறைஞ்சிருக்கும். கைப்பிடிச் சுவர்கிட்ட ஷீட் சுவர்மேல ஏறிப் போயிருக்கணும். இது எதுவும் இல்லாம வெறும் வெள்ளிக் கலர் பளபளன்னு இருந்தா அவன் பழைய ஷீட் மேல சில்வர் பெயிண்ட் அடிச்சிட்டுப் போயிருக்கான். அந்தப் பெயிண்ட் வெயில்லருந்து தாரைக் காப்பாத்தத்தான், தண்ணிய நிறுத்தாது. ஒரே நாள்ல முடிஞ்சுதுன்னு நீங்க எழுதினதைப் பாத்தா எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருது.

இனிமே இப்படி ஆளு வந்தா ஞாபகம் வச்சுக்கோங்க, வீட்டுக் கதவைத் தட்டி வேலை பிடிக்கிறவன்கிட்ட ஒப்புக்கிட்டா, 2008-ஆம் வருஷ நுகர்வோர் சட்டத்துல 5 வேலை நாளுக்குள்ள எழுத்துல "வேணாம்"னு சொல்லி ரத்து பண்ற உரிமை உங்களுக்கு இருக்கு, காரணம் சொல்ல வேண்டியதில்ல, அபராதமும் இல்ல. அந்த உரிமை இருக்குன்னு உங்ககிட்ட சொல்றதும் அவன் கடமை. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிடுச்சு, பரவாயில்ல, அதே சட்டத்துல 54-ஆவது பிரிவு இருக்கு: வேலை சரியில்லன்னா சரி பண்ணித் தரணும், இல்ல காசுல ஒரு நியாயமான பங்கைத் திருப்பித் தரணும்.

அவன் ரெண்டும் பண்ண மாட்டான், அதனால ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், சின்னத் தொகை வழக்குக்குன்னே இருக்கிற கோர்ட். உங்க தொகைக்கு அது சரியா இருக்கு, 2019 ஏப்ரல்லருந்து 20,000 ரேண்ட் வரைக்கும் அங்க கேஸ் போடலாம். வக்கீலைக் கூட்டிட்டுப் போக முடியாது, அவனும் கூட்டிட்டு வர முடியாது, நீங்களே கமிஷனர் (அங்க தீர்ப்பு சொல்றவர்) முன்னாடி பேசணும். முதல்ல ஒரு லெட்டர் எழுதுங்க, என்ன வேலை, எவ்வளவு கொடுத்தேன், எங்க ஒழுகுது, 14 நாள் டைம்னு. அதை அவன் கையில சேர்த்ததுக்கு ஆதாரம் வச்சுக்கோங்க. அதுக்கு அவன் நெசப் பேரும் அட்ரஸும் வேணும், இதுலதான் நம்ம ஆளுங்க மாட்டிக்கிறாங்க, "பாபி"ன்னு ஒரு பேரு, ஒரு செல் நம்பர், அவ்ளோதான் இருக்கும். காசு பேங்க் டிரான்ஸ்ஃபர்ல போயிருந்தா அக்கவுண்ட் பேரு இருக்கும், பக்கி நம்பர் யாராவது பாத்திருப்பாங்க. ஜெயிச்ச பிறகும் அவன் பணம் கட்டலன்னா ஷெரிஃப் (கோர்ட் உத்தரவை நிறைவேத்துற அதிகாரி) மூலமா வசூல் பண்ணணும், கொஞ்சம் அலைச்சல்தான், மறைக்க விரும்பல.

கேள்வி: பாத்ரூம் ரிப்பேருக்கு 14,000 ரேண்ட்னு வாட்ஸ்அப்ல கொட்டேஷன் அனுப்பினார். முடிச்சிட்டு 23,000 கேக்குறார், "உள்ள பைப் கெட்டுப் போயிருந்துச்சு"ங்கிறார். கொடுக்கணுமா? (வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: உங்ககிட்ட கேட்டுட்டு பைப் மாத்தினாரா? கேக்கலன்னா 14,000 கொடுங்க, அதுக்கு மேல இல்ல. நீங்க எஸ்டிமேட் கேட்டு அவர் கொடுத்துட்டா, மேல ஆகிற செலவை முன்கூட்டியே சொல்லி உங்க சம்மதம் வாங்கணும், அதே 2008 நுகர்வோர் சட்டத்தோட 15-ஆவது பிரிவு. வாட்ஸ்அப்பை அழிச்சிடாதீங்க, 2002-லயே மின்னணுச் செய்தியும் எழுத்துதான்னு சட்டம் வந்தாச்சு. ஆனா பைப் ஓட்டையைக் காட்டி நீங்க "சரி, பண்ணுங்க"ன்னு தலையாட்டியிருந்தா, அண்ணே, கொஞ்சம் பேசித்தான் முடிக்கணும்.

கேள்வி: அப்ப நம்ம நாட்டுல எந்த வேலைக்குமே லைசென்ஸ் கிடையாதா? (வாசகர், மெரிபேங்க்)

பதில்: கரண்ட் வேலைக்கு இருக்கு, நல்லாவே இருக்கு. லேபர் டிபார்ட்மென்ட்ல பதிவு பண்ணின ஆள்தான் சி.ஓ.சி. சர்டிஃபிகேட் (வயரிங் விதிப்படி சரியா இருக்குங்கிற சான்று) கொடுக்க முடியும், 2009 விதிகள்ல தெளிவா இருக்கு. வீடு விக்கிறப்ப 2 வருஷத்துக்குள்ள எடுத்த சர்டிஃபிகேட் கேப்பாங்க, சோலார் போட்டாலும் தனியா எடுக்கணும். வாங்கும்போது டெஸ்ட் ரிப்போர்ட் சேர்ந்து இருக்கான்னு பாருங்க, அது இல்லாத சி.ஓ.சி. வெறும் காகிதம். வந்தவர் டிபி போர்டு (வீட்டு மெயின் கரண்ட் பெட்டி) மூடியைக்கூட கழட்டாம ஃபார்ம் நிரப்பினா அது என்ன லட்சணம்னு நீங்களே புரிஞ்சுக்கோங்க.

கேள்வி: என் மகள் கலிஃபோர்னியாவுல இருக்கா. அங்க லைசென்ஸ் இல்லாம வீட்டு வேலையே எடுக்க முடியாதாம். இங்கயும் அப்படிக் கொண்டு வந்தா எல்லாம் சரியாயிடும்ல? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: ஐயா, பாதி சரியாகும். அங்க 2025-லருந்து 1,000 டாலருக்குக் கீழ இருக்கிற சின்ன வேலைக்கு விலக்கு, அதுவும் ஆள் வைக்காம, பெர்மிட் தேவைப்படாம இருந்தா. மத்ததுக்கு லைசென்ஸ் வேணும், கான்ட்ராக்டர் 25,000 டாலருக்கு பாண்ட், அதாவது உத்தரவாதப் பத்திரம், வச்சிருக்கணும். லைசென்ஸ் இல்லாதவன் பாக்கிக் கூலிக்குக் கோர்ட்டுக்குப் போக முடியாது, வாங்கின காசையே திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். ஆனா எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது இது எதுவும் இல்ல. வீட்டு வேலைக்கு முன்பணம் 10 சதவீதம் இல்லன்னா 1,000 டாலர், எது குறைவோ அதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதுதான். ஏமாத்துறவன் வாழ்றது அட்வான்ஸ்ல, வேலையில இல்ல. அதை அடைச்சா பாதிப் பேர் தொழிலை விட்டே போயிடுவான்.

லைசென்ஸ் மட்டும் கொண்டு வந்தா என் கவலை வேற. நம்ம ஏரியாவுல முப்பது வருஷமா டைல்ஸ் ஒட்டுற, ஒரு பரீட்சையும் எழுதாத பெரியவங்க இருக்காங்க, அவங்க ஃபீஸ் கட்ட முடியாம வெளிய நிப்பாங்க, காசு இருக்கிற மோசக்காரன் லைசென்ஸ் வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டிக்குவான். கலிஃபோர்னியா மாதிரி சின்ன வேலைக்கு விலக்கும், அட்வான்ஸுக்கு உச்சவரம்பும் சேர்த்துக் கொண்டு வந்தா நான் ஆதரிப்பேன். 1998 சட்டத்துல இந்த ரிப்பேர் வேலையெல்லாம் விட்டுப் போனதே பெரிய ஓட்டை, நம்ம ஜனங்க புது வீடு வாங்குறதைவிட அப்பா கட்டின வீட்டை இழுத்துக் கட்டுறதுதான் ஜாஸ்தி.

கேள்வி: காசு வாங்கிட்டு வேலைக்கே வரல. போலீஸ் ஸ்டேஷன் போனா "இது சிவில் மேட்டர்"னு திருப்பி அனுப்பிட்டாங்க. (வாசகர், இசிபிங்கோ)

பதில்: வாங்கும்போதே ஏமாத்துற எண்ணம் இருந்துச்சுன்னு காட்டினாத்தான் ஃபிராடு கேஸ் நிக்கும், ஒருத்தர் போய்ச் சொன்னா அதைக் காட்டுறது கஷ்டம். இந்த மாதிரி ஆளு உங்க ஒருத்தர்கிட்ட மட்டும் வாங்கியிருக்க மாட்டான். தெருவுல, கோயில்ல விசாரிங்க, இன்னும் ரெண்டு பேர் கிடைச்சா எல்லாருடைய பேங்க் ஸ்லிப்பு, மெசேஜ் பிரிண்ட் எடுத்துக்கிட்டு ஒண்ணாப் போங்க, ஆளுக்கு ஒரு அஃபிடவிட் கொடுங்க, கேஸ் நம்பர் வாங்காம வெளிய வராதீங்க. அதோட சிவில் பக்கத்தையும் விட்டுடாதீங்க, உங்க தொகை 20,000-க்கு மேல இருந்தா மிச்சத்தை விட்டுக் கொடுத்து ஸ்மால் கிளெய்ம்ஸ்லயே போடலாம்.