ஷாக் அப்சார்பர் மாற்றியும் காரின் முன்பக்க 'டொக்' சத்தம் போகவில்லை. அடுத்து ஸ்டீயரிங் ராக்கை மாற்றலாமா?

வேண்டாம், இப்போது மாற்றாதீர்கள். மேடுபள்ளத்தில் முன்பக்கம் தட்டுகிறது, இரண்டு ஷாக்கும் புதிதாகப் போட்டாயிற்று, சத்தம் அப்படியே இருக்கிறது, இனி ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ராக்தான் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வரிசையில் நானும் பணம் செலவழித்தேன். ராக்குக்கு முந்தைய படியில் நின்றுவிட்டதால், கண்டுபிடித்த விதத்தை முழுமையாகச் சொல்கிறேன்.

என்னுடையது 9 ஆண்டு ஓடிய சிறிய ஹேட்ச்பேக். சென்னையில் மழைக்காலம் சாலைகளைப் பெயர்த்துப்போட்ட ஒரு கார்த்திகை மாதத்தில் சத்தம் தொடங்கியது. 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒட்டுப்போட்ட சாலையில் போனால், இடது பக்கக் காலடியில் யாரோ மரச்சுத்தியலால் தட்டுவது போல இருக்கும். நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையில் 60-ஐத் தாண்டினால் ஒன்றும் கேட்காது. முதல் ஒர்க்‌ஷாப்பில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ஷாக் போய்விட்டது என்றார்கள். 7,800 ரூபாய் ஆயிற்று. வாசலைத் தாண்டி முதல் பள்ளத்தில் இறங்கியதும் அதே சத்தம். இரண்டாவது இடத்தில் ராக் என்றார்கள். மதிப்பீடு 22,000 ரூபாய்.

உண்மையான துப்பைக் கொடுத்தது அம்மா. எப்போதும் இடது முன் இருக்கையில் அமர்பவர். ஒருநாள், "பெரிய வேகத்தடையில் ஏறும்போது சத்தமே வருவதில்லை, சின்னக் குழியில்தான் வருகிறது, கவனித்தாயா?" என்று கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தேடிக்கொண்டிருந்தேன். எப்போது வருகிறது என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. காரின் உடல் முழுக்க ஒரே தகரக்கூடு. வலது மூலையில் தட்டினாலும் இடது காலடியில் கேட்கும். இடத்தைச் சொல்வதில் காது ஏமாற்றும், நேரத்தைச் சொல்வதில் ஏமாற்றாது.

அம்மா சொன்னதற்கு ஒரு பொருள் இருக்கிறது. ஸ்டெபிலைசர் பார் என்பது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஒரு முறுக்குக் கம்பி. அதன் இரு முனைகளையும் சக்கரத் தொகுதியோடு சேர்ப்பவை லிங்க் ராடுகள். வேகத்தடையில் நேராக ஏறினால் இரு சக்கரங்களும் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே இறங்குகின்றன. அந்தக் கம்பி, தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையமான புஷ்ஷுக்குள் சும்மா திரும்பிக்கொள்ளும். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போதுதான் கம்பியில் முறுக்கு ஏறும், அப்போதுதான் லிங்க் ராடு இழுபடும். அதன் முனையிலுள்ள குமிழ் மூட்டு தேய்ந்திருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு 'டொக்'. ஷாக்கை வண்டியின் உடலோடு பிணைக்கும் மேல் மவுண்ட் போயிருந்தால் வேகத்தடையிலும் பெரும்பாலும் சத்தம் வந்திருக்கும்.

நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். ஆளில்லாத சாலையில் ஒரு வேகத்தடையை மெதுவாக நேராக ஏறி இறங்குங்கள். பிறகு அதையே சாய்வாக, ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாக ஏறுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் பாதித் தேடல் முடிந்தது.

ஆனால் லிங்க் ராடை ஏற்கெனவே பார்த்துவிட்டோம், நன்றாக இருக்கிறது என்று இரண்டு ஒர்க்‌ஷாப்பிலுமே சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் தெருமுனையில் தனியாகக் கடை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர்தான் அதை விளக்கினார். "ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினால் அந்தச் சக்கரம் தொங்கும், கம்பி முறுக்கேறி லிங்க்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எப்படி ஆட்டினாலும் ஆடாது, தம்பி" என்றார். இழுத்துக் கட்டிய கயிற்றில் தளர்ச்சியைத் தேடுவது போன்றது அது. நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்படி வண்டியை, அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழியின் மேல் நிறுத்தி, கீழே இறங்கி லிங்க்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் குலுக்கினார். வலது லிங்க் 'கடக்' என்றது. இத்தனை மாதமும் எனக்கு இடது பக்கம் கேட்ட சத்தம் அது.

எனக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. அதனால் அவரே லிங்க் ராடுகள் இரண்டையும் கழற்றி, கம்பி எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். திருப்பத்தில் வண்டி கூடுதலாகச் சாய்ந்தது, ஆனால் சத்தம் அறவே இல்லை. ஒரு பாகத்தை வாங்குவதற்கு முன்பே அதுதான் காரணம் என்று உறுதி செய்யும் வழி இது. குறைந்த வேகத்தில், போக்குவரத்து இல்லாத இடத்தில் மட்டும் செய்ய வேண்டும். இரண்டு லிங்க்கும் 1,300 ரூபாய், கூலி 300. அதன் பிறகும் மிக மெல்லிய ஒரு மொத்தல் மிச்சமிருந்தது. கம்பியின் நடுப் புஷ்கள் இரண்டையும் மாற்றியதும் அதுவும் போயிற்று.

உங்கள் வண்டியில் வேறு காரணமாகவும் இருக்கலாம், ஆகவே மற்றச் சோதனைகளும். குழியில் இறங்கும்போது பிரேக்கை இலேசாக மிதித்துக்கொண்டே போங்கள். சத்தம் நின்றால் பிரேக் பேடோ, அதை அழுத்தும் காலிப்பரின் பின்னோ தளர்ந்திருக்கிறது. கிளட்சை விடும்போதும் கியர் மாற்றும்போதும் மட்டும் இடித்தால் என்ஜினைத் தாங்கும் மவுண்ட். முழுக்கத் திருப்பிக்கொண்டு போகும்போது 'கட கட' என்று தொடர்ந்து வந்தால், சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சிலின் வெளி ஜாயிண்ட். வண்டி நிற்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, மற்றவர் பானட்டைத் திறந்து ஷாக்கின் மேல் மூடியில் கைவைத்தால், பழுதான மவுண்ட் அல்லது அதன் பேரிங் திடுக்கென்று துள்ளுவது கையில் தெரியும். உங்களுக்கு ஷாக் சமீபத்தில் மாற்றியிருப்பதால் அதன் மேல் நட்டு சரியாக இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புது ஷாக் போட்டவர்கள் பழைய மவுண்டையே திரும்ப மாட்டியிருப்பதும் உண்டு.

ராக்குக்கு என்று தனியே ஒரு சோதனை இருக்கிறது. சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை ஒரு அங்குலம் இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்ட வேண்டும். கீழே இருப்பவர், ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் வெளி முனையான டை ராடு எண்டையும், அடுத்து ராக்கின் ரப்பர் உறைக்கு மேலாக உள் ஜாயிண்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆட்டம் எதில் என்று கை சொல்லிவிடும். எண்டு மட்டும் என்றால் சில நூறு ரூபாய் வேலை. இதைச் செய்து காட்டாமல் ராக்கை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

லோயர் ஆர்ம் என்ற கீழ்க் கையைச் சக்கரத் தொகுதியோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் விஷயத்தில் அவசரம் காட்டுங்கள். லிங்க் ராடு பெரும்பாலும் சத்தம் மட்டுமே போடும். பால் ஜாயிண்ட் முற்றிலும் கழன்றால் சக்கரம் சாய்ந்து வண்டி உட்கார்ந்துவிடும், ஸ்டீயரிங் கையில் நிற்காது. சக்கரத்தைத் தூக்கி, கீழே ஸ்டாண்டு வைத்துவிட்டு, மேலும் அடியிலுமாக இரு கைகளால் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட்டைச் சந்தேகப்படுங்கள். லோயர் ஆர்முக்கும் சக்கரத் தொகுதிக்கும் இடையே ஒரு நெம்புகோலை நுழைத்து நெம்பினால் உறுதியாகிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஆர்ம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னாலும், இந்த ஒரு பாகத்தில் புதியதையே வாங்குங்கள்.

லோயர் ஆர்ம் அல்லது அதன் புஷ் மாற்ற நேர்ந்தால் ஒன்றை வலியுறுத்திச் சொல்லுங்கள்: புஷ்ஷின் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும், அதே சத்தம் திரும்ப வரும். ஆர்ம், டை ராடு எண்டு, ஷாக் இவற்றில் எதைக் கழற்றியிருந்தாலும் வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பார்க்க வேண்டும். உங்களுக்கு ஷாக் மாற்றியபோது பார்த்தார்களா?

வேகத்தடையை நேராகவும் சாய்வாகவும் ஏறியபோது என்ன கேட்டது, பிரேக்கை மிதித்தபடி போனபோது என்ன ஆனது என்று இங்கேயே எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எதைக் கழற்றலாம் என்று பார்க்கலாம்.