அன்ட்ரியா பயந்திருக்கக் கூடாது

கேள்வி: ‘தி டெவில் வெயர்ஸ் பிராடா’ நாவல் எனக்கு உயிர். அதன் இரண்டாம் பாகத்தை வாசிக்கலாமா, விட்டுவிடலாமா?

இரண்டாம் பாகம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாரோ நல்லாயில்லை என்று சொல்லியிருப்பார்கள், திறக்க மனம் வரவில்லை. விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்வதற்கு என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011இல், யுத்தம் முடிந்த வன்னியில், கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நாங்கள் மீள்குடியேறி ஒரு வருசம்கூட ஆகவில்லை. வீடென்று இருந்தது தகரக் கொட்டில், இரவில் குப்பி விளக்கு. அலுவலகத்தில் மட்டும் ஜெனரேட்டர் ஓடும். உயர்தரம் முடித்திருந்தேன், இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். பதவி நிர்வாக உதவியாளர். கொழும்பிலிருந்து வந்திருந்த மேடம் ஒருவருக்குத்தான் நான் உதவி.

அந்த மேடத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்று ஒருநாள் காலை எட்டரைக்குத் தகவல் வந்தது. மேடம் தலை நிமிராமலே சொன்னார், “கிறீன் ரீ வேணும். பின்னேரம் நாலு மணிக்கு அவை வாறதுக்கு முதல்.” அன்றைய கிளிநொச்சியில் கிறீன் ரீயா? கரடிப்போக்குச் சந்தி வரைக்கும் சைக்கிளில் போய் ஒவ்வொரு கடையாகக் கேட்டேன். கடைக்காரர்களுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே விளங்கவில்லை. கடைசியில் வவுனியாவில் இருந்த சித்தப்பாவுக்குப் போன் பண்ணி, அவர் வாங்கி, யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். 70, 80 கிலோமீற்றர். ஏ9 வீதி கிண்டிக்கிடந்த காலம், பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மணியிலிருந்து வீதி ஓரத்தில் நின்றேன். மூன்றே முக்காலுக்குப் பஸ் வந்தது. கொண்டக்டர் அண்ணா கதவில் தொங்கியபடியே பெட்டியை நீட்டினார். தலை முழுக்கச் செம்மண் புழுதியோடு ஓடிப்போய் மேசையில் வைத்தேன். வந்தவர்கள் தண்ணீர் மட்டும் போதும் என்றார்கள். மேடம் அந்தப் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அந்த மாதம்தான், மாற்றலாகிப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போன பெட்டியில் முன்னட்டை கிழிந்த அந்த நாவலைக் கண்டேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். மூன்று மாதம் எடுத்தது. பாஷன் சஞ்சிகை ஆசிரியர் மிராண்டாவுக்கு உதவியாளராக இருக்கும் அன்ட்ரியா, தொடக்கத்திலேயே நியூயோர்க் நெரிசலில், உயரக் குதிச் செருப்போடு, கிளச் மிதிக்கத் தெரியாமல் மிராண்டாவின் போர்ஷ் காரை ஓட்டிக்கொண்டு பதறுவாள். நான் காரே ஓட்டியதில்லை. ஆனால் அந்தப் பதற்றம் எனக்கு அத்துப்படி. மிராண்டா கோட்டைக் கழற்றி அவளுடைய மேசையில் எறியும் இடத்தை வாசித்துவிட்டு, விளக்கை அணைக்காமல் கனநேரம் இருந்தேன். என் வாழ்க்கையை வேறு ஊரில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்று இருந்தது. எழுதிய லாரன் வைஸ்பெர்கர், வோக் என்ற பாஷன் சஞ்சிகையில் அதன் அப்போதைய ஆசிரியர் அன்னா வின்டூருக்கு உதவியாளராக இருந்தவர் என்று பிறகு அறிந்தேன். அதுதான் அந்தச் சூடு. 2003இல் வந்த புத்தகம் அது, வேலையை உள்ளே நின்று எழுதிய புத்தகம்.

இதைச் சொன்னால் “வன்னியில் இருந்துகொண்டு சப்பாத்துக் கதையா வாசிக்கிறாய், நீ யுத்தத்தை அல்லவா வாசிக்க வேண்டும், எழுத வேண்டும்” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருந்து பார்த்தவளுக்கு அதைத் திரும்பவும் புத்தகத்தில் வாசிக்கச் சொல்லாதீர்கள். எனக்கு என்ன பிடிக்க வேண்டும் என்பதை நான் முடிவுசெய்கிறேன்.

சரி, இரண்டாம் பாகம். ‘ரிவெஞ்ச் வெயர்ஸ் பிராடா’ 2013இல் வந்தது. கிளிநொச்சிக்குத் திரும்பவும் ரயில் வந்த வருசமும் அதுதான். ரொறொன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகள் அடுத்த வைகாசி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தா. அதற்குள் எனக்கு அகராதி தேவைப்படவில்லை. இரண்டு இரவில் முடித்தேன், முடித்ததும் அழுகை வந்தது.

கதையில் பத்து வருசம் கடந்துவிட்டது. அன்ட்ரியாவும், முன்பு மிராண்டாவிடம் அவளோடு வேலை செய்த எமிலியும் சேர்ந்து திருமணங்களுக்கென்று ஒரு சஞ்சிகை நடத்துகிறார்கள். அதை எப்படித் தொடங்கினார்கள், முதல் இதழுக்கு என்ன பாடுபட்டார்கள், யார் கதவைச் சாத்தினார்கள்? நான் ஆசையோடு தேடியது அதைத்தான். அது மேலோட்டமாகப் போய்விடுகிறது. பதிலாக வருவது கல்யாணநாள் காலையில் மாமியார் மாப்பிள்ளைக்கு எழுதிய கடிதம், குழந்தை, பணக்காரக் கணவன், பழைய காதலன். மிராண்டாவின் கம்பனி சஞ்சிகையை விலைக்குக் கேட்கிறது. விற்க மனமில்லாத அன்ட்ரியாவுக்குத் தெரியாமல் கணவனும் எமிலியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மிராண்டாவோ சில காட்சிகளில்தான் வருகிறாள்.

அதைக்கூடப் பொறுப்பேன். பொறுக்க முடியாதது, புத்தகம் தொடங்குவதே மிராண்டாவைப் பற்றிய கெட்ட கனவில். முதல் பாகத்தில் பாரிஸில் அத்தனை பேர் முன்னால் மிராண்டாவை முகத்துக்கு நேரே திட்டிவிட்டு வேலையை இழந்தவள், பத்து வருசம் கழித்து அவள் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறாள்.

பயம் அப்படி இலகுவில் போகாது என்று சிலர் சொல்வீர்கள். அதை எனக்குச் சொல்லித்தர வேண்டாம். இன்றைக்கும் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பை விட்டு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பா. ஆனால் அதே அம்மாதான் மீள்குடியேறிய முதல் மாரியில் மண்வெட்டியால் கொத்திக் கத்தரி நட்டவ. வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உலையைக் கவனிப்பா. பயமும் இருக்கும், கைவேலையும் நடக்கும். அந்த நாவலில் பயம் மட்டும்தான் இருக்கிறது. ஒரு சஞ்சிகையைக் கட்டியெழுப்பிய பெண்ணின் கையை அதில் காணவே முடியவில்லை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். முதல் நாவலை வைத்து 2006இல் வந்த படத்தில், மெரில் ஸ்ட்ரீப் நடித்த மிராண்டா, தன்னை விட்டுப்போன அன்ட்ரியாவைப் பற்றிப் புதிய இடத்துக்கு எழுதி அனுப்புவாள்: இவள்தான் என்னை மிகவும் ஏமாற்றியவள், ஆனால் இவளை எடுக்காவிட்டால் நீங்கள் முட்டாள் என்று. நான் வேலை செய்த திட்டம் முடிந்தபோது எங்களில் பலரை ஒரே மாதத்தில் அனுப்பினார்கள். சேவைச் சான்றிதழ் ஒன்று தாருங்கள் என்று மேடத்திடம் மூன்று தரம் கேட்டேன். முதலில் “அடுத்த கிழமை”, அப்புறம் “மெயில் போடும்”, பிறகு பதிலே இல்லை. அடுத்து விண்ணப்பித்த இடத்தில் “இரண்டு வருசம் எங்கே இருந்தீர்” என்று கேட்டார்கள். காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அன்றைக்கு வன்னியில் என்னைப் போல எத்தனை பிள்ளைகள்! படிப்பை இடையில் விட்டு இந்த வேலைகளுக்குப் போய், திட்டம் முடிந்ததும் வெறுங்கையோடு நின்றவர்கள். ஒரு பக்கக் கடிதம் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? இப்போது என் கீழே வேலை செய்கிற பிள்ளை யாராவது விலகினால், கடைசி நாளிலேயே கடிதத்தை அடித்துக் கையெழுத்து வைத்துக் கையில் கொடுக்கிறேன்.

இரண்டாம் பாகம் சரியில்லை என்பதால் முதலாவது மேல் எனக்கு விருப்பம் குறையவில்லை. அந்தக் கிறீன் ரீப் பெட்டியின் மட்டையைக் கிழித்துத்தான் பக்க அடையாளமாக வைத்திருந்தேன், இன்னும் உள்ளே இருக்கிறது. நீங்களும் முதலாவதையே இன்னொரு தரம் எடுங்கள். மிராண்டாவின் இரட்டைப் பிள்ளைகளுக்காக ஹாரி பொட்டர் புத்தகத்தைப் பாரிஸுக்கு அனுப்ப அன்ட்ரியா அலைகிற பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். யார் யாருக்கெல்லாம் போன் எடுக்கிறாள் என்று பாருங்கள்.