கேளுங்க சொல்றோம்: ஓடுறப்பவே எழுதி வைங்க

கேள்வி: மாடி டேங்க் நிறைஞ்சா மோட்டார் தானா நிக்கிற மாதிரி ஒரு கண்ட்ரோலர் நானே செஞ்சு மாட்டினேன், ரெண்டு வருஷம் நல்லா ஓடுச்சு, இப்போ மோட்டார் ஆன் ஆகல. பொட்டிய திறந்தா எந்த ஒயர் எங்க போகுதுன்னே புரியல. சர்க்யூட் படம் போன்ல இருக்கு, ஆனா போர்டு வேற மாதிரி இருக்கு. இனிமேலாவது ஒரு நோட்டு போடலாம்னு இருக்கேன், என்னென்ன எழுதணும்?
(வாசகர், தர்மபுரி)

பதில்: போர்டு வேற மாதிரி இருக்குன்னீங்க பாருங்க, விஷயமே அங்கதான். ரிலே டிரைவர் (மோட்டார ஆன் ஆஃப் பண்ற ரிலே சுவிட்ச இயக்குற சர்க்யூட்) படம் நெட்ல எப்ப வேணா கிடைக்கும், ஆனா கடையில 1கே ரெசிஸ்டர் இல்லாம 2.2கே போட்டது, பிசி547 தீர்ந்துபோய் 2என்3904 போட்டது, இதெல்லாம் நீங்க எழுதினாதான் உண்டு. அந்த ரெண்டு ட்ரான்சிஸ்டரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தட்டைப் பக்கம் நம்மள பார்த்து இருந்தா பிசி547ல கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர், 2என்3904ல அப்படியே தலைகீழ். அதனால படம் அழகா வரையறது அப்புறம், எதை எதுக்கு பதிலா போட்டீங்கன்னு முதல்ல எழுதுங்க.

அடுத்தது நிறைய பேர் விடுறது, வோல்டேஜ். நல்லா ஓடுறப்போ யாரும் மீட்டர எடுக்க மாட்டாங்க, ஆனா அன்னைக்கு எடுத்த ரீடிங்தான் ரிப்பேருக்கு உதவும். உங்க 12 வோல்ட் ரிலேக்கே பாருங்க, ரிலே ஆஃப்ல கலெக்டர்ல 12 வோல்ட் கிட்ட இருக்கும், ஆன்ல பேஸ்ல 0.7 வந்து கலெக்டர் 0.2 கிட்ட இறங்கிடும். இந்த ரெண்டு வரி நோட்டுல இருந்துச்சுன்னா, இப்ப கலெக்டர் சரியா இறங்குது, ரிலே டிக்குனு சத்தமும் போடுது, ஆனா மோட்டார் ஓடலன்னா ட்ரான்சிஸ்டர கழட்டவே வேணாம், ரிலே காண்டாக்ட் கருகிருக்கான்னு நேரா அங்க போயிடலாம். (அந்தப் பக்கம் 230 வோல்ட், மெயின்ஸ ஆஃப் பண்ணிட்டு கைய வைங்க.)

இப்ப திறந்து வச்சிருக்கிற பொட்டியிலயும் ஒயர் எதையும் புடுங்காதீங்க. முதல்ல நாலு பக்கமும் போட்டோ, அப்புறம் ஒவ்வொரு ஒயர்லயும் மாஸ்கிங் டேப் சுத்தி டேங்க் மேல், டேங்க் கீழ், காமன்னு எழுதுங்க. ஃபேர் நோட்டெல்லாம் வேணாம், ஃபேர் பண்றப்பதான் பாதி விஷயம் காணாம போகும், கிறுக்கலா இருந்தாலும் தேதி போட்டு அன்னைக்கே எழுதிருங்க. கடை பில்ல ஒட்டி வைக்காதீங்க, தெர்மல் பேப்பர் வெளுத்துப்போயிடும். மூடி உள்பக்கம் ஒரு ஜெராக்ஸ் ஒட்டுங்க, நோட்டு தொலைஞ்சாலும் பொட்டி தொலையாது.

கேள்வி: ஆர்டுயினோ (ப்ரோக்ராம் ஏத்திக்கிற சின்ன போர்டு) ப்ராஜெக்டுக்கு ஸ்கெட்ச, அதாவது எழுதின ப்ரோக்ராம, சேவ் பண்ணி வச்சா போதாதா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: எந்த ஸ்கெட்ச்? ஃபைனல், ஃபைனல் 2, நியூ ஃபைனல்னு மூணு இருக்குமே! போர்டுல இருந்து மெஷின் கோட் மட்டும்தான் திரும்ப வரும், நீங்க எழுதின ஸ்கெட்ச் வராது. அதனால போர்டு ஆன் ஆனதும் ஒரு தடவை ஓடுற செட்அப் பகுதியிலயே ஃபைல் பேரையும் தேதியையும் சீரியல் மானிட்டர்ல (போர்டு அனுப்புறத கம்ப்யூட்டர்ல காட்டுற விண்டோ) பிரிண்ட் பண்ண விடுங்க, பின்னாடி கேபிள சொருகி ரீசெட் பண்ணா எது ஓடுதுன்னு அதுவே சொல்லும். லைப்ரரி (ஸ்கெட்ச்ல சேர்த்துக்கிற ரெடிமேட் கோட்) வெர்ஷனையும் ஸ்கெட்ச் தலைப்புல கமெண்டா எழுதிடுங்க, அப்டேட் ஆனதுக்கப்புறம் பழைய கோட் கம்பைல் ஆகாம படுத்துறது சகஜம்.