குறைந்த செலவில் வீட்டை அழகாக்க எளிய வழிகள் என்ன?

கேள்வி கேட்டவர் எந்த ஊர் என்று சொல்லவில்லை. நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில் இருப்பவன். எட்டுக் காம்பரா (அறை) உள்ள லயத்தில் எங்களுடையது ஓரத்துக் காம்பரா. அதனால் என் பதில் கொஞ்சம் மழையில் நனைந்த பதிலாகத்தான் இருக்கும்.

படம் மாட்டுங்கள், வண்ண விளக்குத் தொங்கவிடுங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். எங்கள் பக்கம் மே மாதம் பிடிக்கிற மழை செப்டம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். மாட்டிய படத்தின் முதுகில் ஒரே மாதத்தில் பூஞ்சணம் பூத்துவிடும். ஈரத்தை விரட்டாமல் செய்கிற எந்த அலங்காரமும் இங்கே காசுக்குக் கேடு.

இதைக் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நாலு வருடத்துக்கு முன், தீபாவளிக்கு என்று எமல்ஷன் பெயின்ட் வாங்கி அடித்தேன். இளம் பச்சை. பார்த்தவர்கள் எல்லாம் பங்களா மாதிரி இருக்கு என்றார்கள். தைப்பொங்கலுக்குள் பின்சுவரில் உள்ளங்கை அளவுக்குக் கொப்பளங்கள். ஒன்றை விரலால் அழுத்தினேன், தண்ணீர் வடிந்தது. உரிந்த தோலுக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். பெயின்டில் குறை இருக்கும் என்று நினைத்து ஒரு மேசன் பாஸை (கொத்தனாரை) கூட்டிவந்து காட்டினேன். அவர் சுவரை ஏறிட்டும் பார்க்கவில்லை, நேரே வீட்டுக்குப் பின்னால் போனார். "தம்பி, செவுத்துல மண்ணு சாஞ்சி கெடக்கு. மொதல்ல ஈரத்த நிப்பாட்டுங்க, அப்புறம் கலர் பாக்கலாம்" என்றார்.

மேட்டிலிருந்து வருடக்கணக்காகச் சரிந்த மண், பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. அப்பா தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டியே ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்குப் பின்னால் கான் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண்ணை அள்ளி, சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்குக் கான் வெட்டி, தண்ணீரை லயத்து ஓரமாகத் திருப்பிவிட்டோம். செலவு, தேத்தண்ணியும் ரொட்டியும். ஒன்று மட்டும் கவனம்: சரிந்த மண்ணை அள்ளலாம், மேட்டைச் செங்குத்தாக வெட்டக் கூடாது. 2014இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் மலையே சரிந்து லயங்களை மூடியதை நாங்கள் யாரும் மறக்கவில்லை.

சுவர் காய்ந்த பிறகு பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். எமல்ஷன் சுவரின் மேல் தோல் மாதிரி படியும். உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற முடியாமல் அதைத் தள்ளிக்கொண்டு வரும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், அதன் காரத்தில் பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது. நீற்றின சுண்ணாம்பை இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பழைய வேட்டியில் வடிகட்டி, ஒரு பிடி உப்பும் துணிக்குப் போடுகிற நீலம் கொஞ்சமும் கலந்தோம். அடிப்பதற்கு முன் சுவரைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். பால் பதத்தில் மெல்லிசாக மூன்று தடவை. முதல் தடவை அடித்ததும் ஒன்றுமே தெரியாது, ஏமாந்துவிட்டோம் என்றுதான் தோன்றும். காயக் காயத்தான் வெளுக்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரித்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். லயத்துக் காம்பராவில் பகலிலும் லைட் போட வேண்டியிருக்கும். தோட்டத்து மேலாளரான துரையிடம் சொல்லிவிட்டு, கூரையில் ஒரே ஒரு தகரத்தைக் கழற்றி, வெளிச்சம் விடுகிற பிளாஸ்டிக் தகடு போட்டோம். எங்களுக்கு ஆன பெரிய செலவு இதுதான். ஆனால் அன்றைக்குத்தான் வீடு வீடாகத் தெரிந்தது. இராக்குளிரில் தகரம் வேர்த்துச் சொட்டுவதற்கு, உரப்பைகளைக் கழுவி, தைத்து, கூரைக்கடியில் இழுத்துக் கட்டினோம். விறகடுப்புக்கு மேலே மட்டும் கட்டாதீர்கள், தீப்பொறி பறக்கும். அலுமாரியையும் கட்டிலையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள், காற்றோட்டம் வேண்டும்.

மற்றதெல்லாம் சில்லறை வேலைதான். அம்மாவின் பழைய வாயில் சேலை இரண்டு ஜன்னல் திரையானது. தகர விளிம்பு வைத்த பழைய தேயிலைப் பெட்டி ஒன்று விறகுக்குப் போக இருந்தது. அதைத் தேய்த்து வார்னிஷ் பூசினேன், இப்போது அதன் மேல்தான் டிவி.

ஒன்றில் மட்டும் தோற்றேன். இங்கே ஹோட்டலாக மாறிய பங்களாக்களில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற கூடையை அழகுக்கு மாட்டியிருப்பார்கள். நானும் அம்மாவின் கூடையைத் துடைத்து இஸ்தோப்பு (முன் திண்ணை) சுவரில் ஆணியடித்து மாட்டினேன். அம்மா வந்து பார்த்தார். "முப்பது வருசம் என் மண்டையில தொங்குனது பத்தாதாய்யா? செவுத்துலயும் தொங்கணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கே கழற்றிவிட்டேன். இப்போது அதில் வெங்காயம் கிடக்கிறது.

அம்மாவுக்குப் பிடித்தது பூ. வாசலில் பெயின்ட் வாளிகளிலும் உடைந்த குடத்திலும் டேலியா, ஜெரேனியம். யாரிடமும் காசுக்கு வாங்கியதில்லை, எல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்டு ஒடித்துவந்த கிளைகளும் கிழங்குகளும்தான். ஹைட்ரேஞ்சியா அதிலும் சுலபம், கிளையை ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். தேயிலை மண் புளிப்பு மண், அதனால் இங்கே அது நீலமாகத்தான் பூக்கும். சுவரோரத்துச் செடி மட்டும் போன வருடம் ரோஸ் நிறத்தில் பூத்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் அம்மா. சுண்ணாம்பு வாளியைக் கழுவி நான் அதன் அடியில்தான் ஊற்றியிருந்தேன்.