மணமாகாத மகளின் பெயரை ஏன் விட்டீர்கள்?

கேள்வி: என் கணவர் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தைச் சேர்ந்தவர். எங்கள் ஒன்பது வயது மகளுக்காக அவருடைய முன்னோரின் கொடிவழியைத் தொகுத்து வருகிறேன். எள்ளுத்தாத்தா குத்தகை விவசாயி, 1874இல் காலமானார். அவருடைய மகனான கொள்ளுத்தாத்தா 1863இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1875ஆம் ஆண்டின் உயில் அட்டவணையில் எள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்தது. 'மகளும் நெருங்கிய உறவினர்களுள் ஒருவருமான' மணமாகாத பெண்ணுக்குக் கார்க் பதிவகம் நிர்வாக ஆணை வழங்கியதாகவும், சொத்து நூறு பவுண்டுக்குள் என்றும் அதில் உள்ளது. அந்தப் பெண்ணுக்கு வாரிசு இல்லாததால் படத்தில் சேர்க்கவில்லை. இரண்டு ஆண்டுகளாகத் தேடியும் உயில் கிடைக்கவில்லை. 1922ஆம் ஆண்டுத் தீயில் எல்லாம் எரிந்துவிட்டது என்கிறார்கள். அவருடைய மற்றப் பிள்ளைகளை இனி அறியவே முடியாதா? தேடலைக் கைவிட்டுவிடலாமா?

— ஒரு வாசகி, கார்க்

பதில்: சகோதரி, நீங்கள் தேடும் உயில் எரியவில்லை, அப்படி ஓர் உயில் எழுதப்படவே இல்லை. உயில் எழுதி வைத்தவருடைய சொத்துக்கு, அதில் குறிப்பிடப்பட்ட நிறைவேற்றாளரிடம் புரொபேட், அதாவது உயில் மெய்யானது என்று உறுதிசெய்யும் ஆணை, வழங்கப்படும். எழுதாமல் இறந்தவருடைய சொத்தை நிர்வகிக்கத்தான் உறவினருக்கு நிர்வாக ஆணை தருவார்கள். (உயில் இருந்தும் நிறைவேற்றாளர் இல்லாமற்போனால், 'உயில் இணைக்கப்பட்டது' என்று தனியாகக் குறித்திருப்பார்கள்.) உங்கள் கையிலிருந்த நான்கு வரிகள் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, இல்லாத ஒரு தாளுக்காக இரண்டு ஆண்டுகளைச் செலவழித்திருக்கிறீர்கள். 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்தபோது அயர்லாந்தின் உயில் மூலங்களில் பெரும்பகுதி அழிந்தது உண்மைதான். ஆனால் ஆவணம் தேடுகிற எல்லோரும் அந்தத் தீயையே காரணமாகச் சொல்லி எழுதுகிறார்கள். கிடைத்த தாளை ஒழுங்காகப் படிக்காமல் விட்டதற்கு அந்தத் தீ பொறுப்பாகாது.

என்னை வருத்தியது உயில் பற்றிய உங்கள் கேள்வி அன்று. 'வாரிசு இல்லாததால் படத்தில் சேர்க்கவில்லை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வாக்கியம்தான். உங்களுக்குக் கிடைத்த ஒரே அரசு ஆவணம் யாருடைய கையில் கொடுக்கப்பட்டதோ, அவரையே படத்திலிருந்து நீக்கிவிட்டு, மற்றப் பிள்ளைகள் எங்கே என்று என்னைக் கேட்கிறீர்கள். பிள்ளை பெற்றவர்கள் மட்டுமே வம்சம் என்று எண்ணும் பழக்கத்தை நம் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுபோனீர்கள் போலிருக்கிறது. அதை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. ஒரு குடும்பத்தைப் பெற்றவர்களுக்கு நிகராகக் காத்தவர்களுக்கும் அதில் இடம் உண்டு.

நீங்கள் எழுதிய வரிகளை மறுபடியும் படியுங்கள். ஆணை பெற்றவர் 'நெருங்கிய உறவினர்களுள் ஒருவர்' என்கிறது அட்டவணை. ஒரே பிள்ளையாக இருந்திருந்தால் அந்த அட்டவணைகளில் 'ஒரே' என்று எழுதும் வழக்கம் இருந்தது. ஆகவே அவருக்குச் சமமான உரிமையுள்ள வேறு சிலரும் இருந்திருக்கிறார்கள். மனைவி உயிருடன் இருந்தால் பொதுவாக அவருக்கே ஆணை முதலில் சேரும். இங்கே விதவை என்ற சொல்லே இல்லை, எனவே தாய் முன்பே இறந்திருக்க வேண்டும், அல்லது உரிமையை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்போது பதினொரு வயது. இருபத்தொரு வயது நிரம்பாதவர் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. அண்ணன்மார் இருந்திருந்தால், அவர்கள் ஏன் முன்வரவில்லை? கப்பலேறிப் போயிருக்கலாம், அந்தப் பத்தாண்டுகளில் கார்க்கின் எத்தனையோ வீடுகளில் அதுதான் நடந்தது. எஞ்சியவர் அந்தப் பெண். பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து, கடன்களை அடைத்து, மிச்சத்தை உடன்பிறந்தாருக்குச் சமமாகப் பங்கிடச் சட்டப்படி கடமைப்பட்டு நின்றவர் அவர். பதினொரு வயதுத் தம்பிக்குச் சோறு போட்டவரும் அவராகவே இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால், அவருக்கு வாரிசு இல்லை என்று அவர் வளர்த்தவரின் வழியில் வந்த வீட்டிலிருந்துகொண்டு நீங்கள் எழுதலாமா?

இது என் ஊகம். சரிதானா என்பதை நீங்கள் சோதிக்க முடியும். வரி விதிப்பதற்காக அயர்லாந்து முழுவதும் எடுக்கப்பட்ட கிரிஃபித் நில மதிப்பீட்டுக்குப் பின்வந்த திருத்தப் பதிவேடுகள் டப்ளினில் பாதுகாக்கப்படுகின்றன. நிலத்தை வைத்திருப்பவர் மாறும்போது பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை எழுதி, ஆண்டையும் குறித்தார்கள். வெவ்வேறு ஆண்டுகளின் திருத்தங்களுக்கு வெவ்வேறு நிற மையைப் பயன்படுத்தினார்கள். உங்கள் எள்ளுத்தாத்தாவின் டவுன்லாண்டில் (தனிப் பெயர் கொண்ட மிகச் சிறிய நிலப் பிரிவு அது) அவர் பெயருக்கு மேல் யாருடைய பெயர் ஏறியது, தம்பியின் பெயர் எந்த ஆண்டில் வந்தது என்று பாருங்கள். ஒரே தேவாலயப் பங்கில் ஒரே பெயரில் மூன்று பேர் வாழ்ந்த நாடு அது. டவுன்லாண்டின் பெயரைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எதையும் நம்பாதீர்கள்.

அடுத்து, அந்தப் பெண்ணின் உயிலைத் தேடுங்கள். இதுவரை நீங்கள் தேடியிருக்க வேண்டிய உயில் அதுதான். 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மணமான பெண் கணவனின் சம்மதமின்றிப் பெரும்பாலும் உயில் எழுத முடியாது. மணமாகாத பெண்ணுக்கு அந்தத் தடை இருக்கவில்லை. பிள்ளைகள் உள்ளவர், 'என் பிள்ளைகளுக்கு' என்று ஒரே வரியில் முடித்துவிடக்கூடும். பிள்ளையில்லாதவர், பாஸ்டனில் உள்ள அண்ணனுக்கு இவ்வளவு, தங்கையின் மகளுக்குக் கட்டில், தம்பி மகனுக்குக் கன்றுக்குட்டி என்று ஒவ்வொருவரையும் பெயரும் ஊரும் சொல்லி எழுதுவார். நீங்கள் கேட்கும் 'மற்றப் பிள்ளைகள்' அங்கேதான் இருப்பார்கள். 1858 முதல் உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து அரசுப் பதிவகங்களுக்கு மாறின. டப்ளின் தலைமைப் பதிவகத்துடன் பதினொரு மாவட்டப் பதிவகங்கள் அமைந்தன. அவற்றுள் கார்க்கும் ஒன்று. மாவட்டப் பதிவகங்கள் உயில்களைப் புத்தகங்களில் படியெடுத்து வைத்திருந்ததால், மூலங்கள் எரிந்தும் படிகள் பிழைத்தன. ஆண்டு அட்டவணைகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

அவர் எப்போது இறந்தார் என்று தெரியாவிட்டால், 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களிலிருந்து தொடங்குங்கள். அவையும் இலவசம்தான். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் வீட்டுப் படிவத்தை எடுத்து, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்னும் பத்தியில் 'சகோதரி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கு முன்பாக, இன்று மாலையே உங்கள் மகளை அருகில் உட்காரவைத்து, கொள்ளுத்தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய அக்காவின் பெயரை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பெயருக்குக் கீழே '1875' என்றும் எழுதட்டும்.