ஸ்பீடு போட்டுக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. மதுரை திருநகரில் சொந்த வீடு. மில்லில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 14 மாதங்களுக்கு முன்பு 8.2 சதவீத வட்டியில் 20 லட்சம் போட்டேன். மருத்துவச் செலவுக்கென்று 5 லட்சம் எஃப்.டி.யில் இருக்கிறது. சேமிப்புக் கணக்கில் 3.5 லட்சம். மாடி வாடகை 12,000, பென்ஷன் 3,000. வீட்டுச் செலவு மாதம் 26,000. தூத்துக்குடியில் ஒரு ஷெட்டில் 16 அடி ஃபைபர் ஸ்பீடு போட் கிடக்கிறது. 1980 வாக்கில் வந்த அமெரிக்கப் படகு. எவின்ரூட் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. டிரெய்லரோடு 1.2 லட்சம் கேட்கிறார்கள். இன்னும் 3 லட்சம் போட்டுப் புதிதாக்கினால், ஏதாவது ரிசார்ட்டுக்கு 10 லட்சத்துக்கு விற்கலாம் என்று நினைக்கிறேன். மனைவியின் நகையை வைத்து 9.5 சதவீதத்தில் 3 லட்சம் வாங்கலாமா, சேமிப்புத் திட்டத்தை உடைக்கலாமா? மனைவிக்கு இரண்டிலும் சம்மதமில்லை.

பதில்: ஐயா, உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. இரண்டும் வேண்டாம். ஆனால் படகே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்க மெஷின்களோடு இருந்தவருக்கு ஓய்வுக்குப் பிறகும் கைக்கு ஒரு வேலை வேண்டும். அது நியாயமான ஆசை, அதற்குச் செலவு செய்யலாம். அந்தப் பணத்தைச் செலவு என்றே எழுதி வையுங்கள். முதலீடு என்று எழுதினால்தான் நகை வரைக்கும் கை போகிறது.

முதலில் அந்த 10 லட்சத்தை மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் 1964-ல் தொடங்கிய டான்சி (Donzi) நிறுவனத்தின் படகு மாதிரியான பழைய வேகப் படகுகளைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த மாடல், எந்த வருடம், என்ன விலை என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கேயே கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் போட்ட பணம் திரும்புவது அரிது. இங்கே அப்படி ஒரு சந்தையே இல்லை. ரிசார்ட்காரருக்கு வேண்டியது பதிவும், சர்வே சான்றும், இன்சூரன்ஸும் உள்ள, பயணிகளை ஏற்றக்கூடிய படகு. அதன் வயதையும் வடிவத்தையும் பார்த்து அவர் கூடுதல் விலை தர மாட்டார். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த படகை நஷ்டத்துக்கு விற்றால் அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

இப்போது உங்கள் மாதக் கணக்கைப் பார்ப்போம். சேமிப்புத் திட்டத்தில் காலாண்டுக்கு 41,000, அதாவது மாதம் 13,666 வருகிறது. வாடகை, பென்ஷன் சேர்த்து 28,666. செலவு போக மிச்சம் 2,666. நகைக்கடன் 3 லட்சத்துக்கு வருட வட்டி 28,500, மாதத்துக்கு 2,375. மீதி 291 ரூபாய். அசலை எதை வைத்து அடைப்பீர்கள்? படகு விற்றால்தான் நகை வீட்டுக்கு வரும் என்றாகிவிடும். அந்த நகைக்குச் சொந்தக்காரர் வேண்டாம் என்று சொன்ன பிறகு இதில் பேச்சே இல்லை.

சேமிப்புத் திட்டத்தில் வேண்டிய அளவு மட்டும் எடுக்க முடியாது, கணக்கையே மூட வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல், இரண்டு வருடத்துக்குள் மூடினால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள். உங்களுக்கு அது 30,000. அதைவிடப் பெரிய இழப்பு, மாத வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி நின்றுபோவது.

சரி, படகுக்கு வருவோம். 3 லட்சம் என்று எதை வைத்துப் போட்டீர்கள் என்று எழுதவில்லை. அனேகமாக பெயிண்ட், சீட், எஞ்சின் என்று வெளியே தெரிவதை வைத்துப் போட்டிருப்பீர்கள். பணத்தை விழுங்கும் இடம் உள்ளே இருக்கிறது. பெயர்தான் ஃபைபர் படகு. எஞ்சினைத் தாங்கும் பின்பலகை, தரைக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் ஸ்ட்ரிங்கர் கட்டைகள், தரை ஆகிய மூன்றும் அந்தக் காலப் படகுகளில் பெரும்பாலும் மரத்தின் மேல் ஃபைபர் போர்த்தியவை. ஃபைபர் மட்காது. ஆனால் ஸ்க்ரூ போட்ட துளைகளில் சீல் விட்டுப்போனால் தண்ணீர் உள்ளே இறங்கும், வெளியே வர வழியிருக்காது. மேலே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே மரம் மாவாகிக்கொண்டிருக்கும்.

அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் 10,000 ரூபாயைப் பரிசோதனைக்கு ஒதுக்குங்கள். தூத்துக்குடியில் ஃபைபர் வள்ளம் கட்டுகிற அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவரை நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் ஃபைபர் படகுகள் ஏராளமாகக் கட்டப்பட்டன. கை பழகிய ஆட்கள் அங்கே கிடைப்பார்கள். பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டச் சொல்லுங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், மட்கிய இடம் பொத்தென்று கேட்கும். எஞ்சினின் கீழ்க்காலைப் பிடித்து அழுத்தி, பின்பலகை அசைகிறதா என்று பாருங்கள். உரிமையாளர் சம்மதித்தால் பின்பலகையின் உள்பக்கம், அடியோரமாக, சின்னத் துளை ஒன்று போடுங்கள். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் நிம்மதி. கறுத்து ஈரமாக வந்தால் பலகையையே மாற்ற வேண்டும். துளையை எபாக்ஸி என்ற இறுகும் பசையால் அடைத்துவிட்டு வாருங்கள். அப்புறம், டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். தரைக்கு அடியில் மிதப்புக்காக வைத்த ஃபோம் இருந்தால் அது வருடக்கணக்கில் தண்ணீரைக் குடித்திருக்கலாம். ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ. டிரெய்லர் எடை போக, அந்த மாடலின் எடையைவிட 100, 200 கிலோ கூடுதலாகக் காட்டினால் தரையைப் பெயர்த்தாக வேண்டும்.

பின்பலகை, ஸ்ட்ரிங்கர் இரண்டும் போயிருந்தால் வாங்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பின்பலகை மட்டும் என்றால் பேரம் பேசலாம். ஓடாத எஞ்சினோடு, மட்கிய பலகையோடு இருக்கும் படகுக்கு 1.2 லட்சம் அதிகம். நானாக இருந்தால் 60,000-ல் தொடங்குவேன்.

மராமத்துக்கு எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள், ஃபைபரை இறுக்கும் பசையான ரெசின் எந்த வகை என்பதும் அதில் இருக்கட்டும். பழைய படகின் பாலியெஸ்டர் ரெசின் மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். இறுகிய எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. எபாக்ஸியில் ஆரம்பித்த இடத்தை எபாக்ஸியிலேயே முடிக்க வேண்டும், அதன் விலையும் அதிகம். பாதியில் மலிவானதற்கு மாறினால் செய்த வேலையே பாழ். சித்திரை வெயிலில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம், இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் கலந்த ரெசின் டப்பாவிலேயே இறுகிப்போகும். வெளுத்துப்போன ஜெல்கோட்டுக்கு, அதாவது ஃபைபரின் வெளிப்பூச்சுக்கு, ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தாலே பாதி நிறம் திரும்பும். பெயிண்ட் கடைசியில்தான்.

எஞ்சினில் பணம் போடாதீர்கள். எவின்ரூட் உற்பத்தியை 2020-ல் நிறுத்திவிட்டார்கள், பார்ட்ஸுக்கு வெளிநாட்டை நம்பியிருக்க வேண்டும். தூத்துக்குடி, மண்டபம் கரைகளில் மெக்கானிக்கும் பார்ட்ஸும் கிடைக்கும் யமஹா 40 குதிரைத்திறன் எஞ்சினை செகண்ட்ஹேண்டில் பாருங்கள். பழைய வேகம் வராது, ஆனால் ரிப்பேரானால் வழியுண்டு. அதுவே முழு வேகத்தில் மணிக்கு 15 லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும்.

எங்கே ஓட்டுவீர்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள். மதுரையில் வைகையில் தண்ணீர் ஓடுவதே சில நாள்தான். வைகை அணையில் இறக்க நீர்வளத் துறை அனுமதிக்க வேண்டும். ஆறு, ஏரியில் மோட்டார் படகு ஓட்ட 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு தேவை. கடலுக்கு வேறு சட்டம், வேறு அலுவலகம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா, வனத்துறையைக் கேட்காமல் அந்தப் பக்கம் போக முடியாது. டிரெய்லருக்கும் ஆர்சி வேண்டும். இந்தக் காகிதங்களில் எவையெல்லாம் இருக்கின்றன என்று விற்பவரிடம் முதல் நாளே கேளுங்கள். பழைய பதிவோ, வாங்கிய ரசீதோ இல்லாத படகு என்றால் அதற்கும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் உங்கள் எல்லை 2.5 லட்சம், அதுவும் சேமிப்புக் கணக்கில் இருப்பதிலிருந்து மட்டும். மீதி ஒரு லட்சத்தில் இந்த மாதமே உங்கள் இருவருக்கும் மருத்துவக் காப்பீடு எடுங்கள். காப்பீடு பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, எனக்குப் படகைவிட அதுதான் கவலை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 வருடம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம் என்பதால் தள்ளிப்போட நேரமில்லை. 5 லட்சம் எஃப்.டி.யைத் தொடவே கூடாது. படகுக்கென்று தனிக் கணக்கு தொடங்கி 2.5 லட்சத்தை அதில் போடுங்கள், பாஸ்புக்கை வீட்டில் கொடுத்துவிடுங்கள். உடலும் பின்பலகையும் முடிந்து பணம் தீர்ந்தால் எஞ்சின் காத்திருக்கட்டும். கூட வேலை செய்த நண்பர் யாராவது பாதிப் பங்கு போட வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு போட்டார், விலகினால் என்ன தருவது என்பதை முத்திரைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகுதான் அவர் பணத்தை வாங்க வேண்டும்.

எடைமேடைச் சீட்டும், மேஸ்திரி சொன்னதும், கொட்டேஷனும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எஞ்சினுக்கான கணக்கை அதை வைத்துப் போட்டுத் தருகிறேன்.